மத்தியானம் ஒரு மணிக்கு வர்ற பசி

ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட ஆரம்பிச்சு எட்டு மாசம் முடிஞ்சிருச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தா ஏழு மணி வரைக்கும் சாப்பாடு, அதுக்கப்புறம் மறுநாள் ஆறு மணி வரைக்கும் தண்ணியும், பாலும் சர்க்கரையும் போடாத காபியும்தான். விஷயம் தெரிஞ்ச எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "உனக்குப் பசிக்கவே பசிக்காதா?"ங்கறதுதான். பசிக்கும், நல்லாவே பசிக்கும். எடை எவ்வளவு குறைஞ்சுதுங்கற கதையெல்லாம் இன்னொரு நாள் எழுதறேன், இன்னைக்கு அந்தப் பசியைப் பத்தி மட்டும்.

ஆரம்பத்துல நான் பண்ண பெரிய தப்பு, பசி ஏறிக்கிட்டே போகும்னு நம்பினது. காலைல பத்து மணிக்கே இப்படி கபகபங்குதே, இன்னும் எட்டு மணி நேரம் இருக்கே, சாயங்காலம் என்ன ஆவேனோன்னு ஒரு பயம். அந்தப் பயத்துலயே முதல் வாரத்துல நாலு நாள் மத்தியானமே சாப்ட்டுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா அந்த நாலு நாளும் பசியை விட, இனிமே வரப்போற பசியை நெனச்சுதான் பயந்திருக்கேன்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு எடுத்து வச்சுக்கிட்டு பசி எடுக்கறப்பல்லாம் மணி என்ன, பத்துக்கு எத்தனை மார்க் போடலாம், எப்ப அடங்குச்சுன்னு எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி அந்தப் பக்கங்களை மொத்தமா பொரட்டினா, எட்டரை, ஒரு மணி, நாலரை, மறுபடி எட்டரை, ஒரு மணி, நாலரைன்னு அப்படியே வரிசையா இருக்கு. நான் முன்னாடி மூணு வேளையும் சாப்ட்டுட்டு இருந்த காலத்துல காலைச் சாப்பாடு எட்டரைக்கு, மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு, நாலரைக்கு காபியோட ஏதாவது கொறிக்கறது. வயிறு பழைய டைம்டேபிளை மறக்கவே இல்ல! அதை விட எனக்கு ஆச்சரியமா இருந்தது, ஒரு மணிக்கு ஏழு மார்க், எட்டு மார்க்னு எழுதின பசிக்குப் பக்கத்துலயே "1.50, அடங்கிருச்சு"ன்னு எழுதியிருக்கேன். ஒரு வாய் கூட சாப்பிடாம. மூணு மணி வரியில பாதி நாள் "ஒண்ணும் தெரியல"ன்னுதான் இருக்கு.

இதுக்கான காரணத்தை அப்புறம்தான் படிச்சேன். கிரெலின்னு ஒரு ஹார்மோன், பெரும்பாலும் வயித்துல இருந்துதான் சுரக்குது, 1999-ல ஜப்பான்ல கோஜிமா, கங்காவா குழு கண்டுபிடிச்சது. நாம வழக்கமா சாப்பிடற நேரம் நெருங்கினா இது ரத்தத்துல ஏறும், சாப்ட்டா இறங்கும். நமக்கு வேண்டிய விஷயம் என்னன்னா சாப்பிடாட்டியும் இறங்கும். ஒரு நாளுக்கு மேல ஒண்ணும் சாப்பிடாம இருந்தவங்க ரத்தத்துல விட்டு விட்டு அளந்து பாத்தப்பவும், வழக்கமான சாப்பாட்டு நேரத்துல அது ஏறி, தானாவே இறங்கியிருக்கு. இது தெரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்குப் பாதி பயம் போச்சு.

வயித்துல கடமுடன்னு சத்தம் வர்றதும் இப்படித்தான். வயிறும் குடலும் காலியா இருக்கறப்ப 90-லிருந்து 120 நிமிஷத்துக்கு ஒரு தடவை நல்லா சுருங்கி, உள்ள இருக்கற மிச்சமீதியைக் கீழ தள்ளி சுத்தம் பண்ணும், அந்தச் சத்தம்தான் நாலு பேர் இருக்கற ரூம்ல கேட்டு நம்மளை நெளிய வைக்குது. 1912-ல வால்டர் கேனன்ங்கற விஞ்ஞானியோட வேலை பாத்த வாஷ்பர்ன் ஒரு பலூனையே முழுங்கி, வயிறு சுருங்கறதையும் பசி தெரியற நேரத்தையும் ஒண்ணா பதிவு பண்ணி, பசின்னா இந்தச் சுருக்கம்தான்னு முடிவுக்கு வந்தாங்க. ஆனா ஆபரேஷன்ல வயித்தையே எடுத்துட்டவங்களுக்கும் பசி எடுக்குது. அதனால சத்தம் வந்தா உடனே சாப்பிட்டாகணும்னு அர்த்தம் இல்ல.

சரி, ஒரு மணிக்கு நான் என்ன பண்றேன். எழுந்துருவேன். உட்கார்ந்த எடத்துலயே பசியோட மல்லுக்கட்டறது எனக்குச் சரிப்படல, சரியா அந்த நேரம் பாத்து போன்ல யாராவது எதையாவது தாளிக்கற வீடியோ வரும், வாய்ல எச்சில் ஊறும், கதை முடிஞ்சுது. ஒரு பெரிய டம்ளர் வெந்நீர், ஊதி ஊதி மெதுவா குடிக்கற அளவு சூடா. அது குடிச்சு முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும். அப்புறம் கொஞ்ச தூரம் நடை, இல்லன்னா ரெண்டு கையும் ஈடுபடற மாதிரி ஒரு வேலை. துணி மடிக்கறது எனக்கு ரொம்ப உதவுது, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. மடிச்சு அடுக்கி முடிச்சுட்டு மணி பாத்தா ஒண்ணே முக்கால் ஆயிருக்கும்.

முதல் பத்து நாள் தலைவலி வந்துச்சு. அது பசின்னு நெனச்சுக் காபி மேல காபியா குடிச்சேன், கை படபடப்பும் ராத்திரி முழுக்க கொட்டக்கொட்ட முழிச்சுட்டு இருந்ததும்தான் மிச்சம். சாப்பிடாம இருக்கறப்ப இன்சுலின் இறங்கும், அப்ப சிறுநீரகம் உப்பையும் அதோட சேத்து தண்ணியையும் வழக்கத்தை விட அதிகமா வெளிய தள்ளும். என் விஷயத்துல, சாயங்காலச் சாப்பாட்டுல உப்பை ரொம்பக் குறைச்சிருந்ததை நிறுத்திட்டு, பகல்ல தண்ணியையும் ஒழுங்கா குடிச்சதும் தலைவலி நின்னுச்சு. பிபி, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம உப்புல கை வைக்காதீங்க. காபி இப்ப ரெண்டே கப், மத்தியானத்துக்கு மேல கெடையாது. தூக்கம் கெட்டா மறுநாள் பசி பேயாட்டம் ஆடும். 2004-ல வந்த ஒரு ஆய்வுல 12 ஆரோக்கியமான இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்ததுல, பத்து மணி நேரம் படுத்திருந்தப்ப இருந்ததை விட கிரெலின் 28 சதவீதம் கூடியிருக்கு, வயிறு நிறைஞ்சுதுன்னு சொல்ற லெப்டின் 18 சதவீதம் குறைஞ்சிருக்கு.

ஆனா இதெல்லாத்தையும் விட முக்கியம் அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான், நாளைக்கு எப்படிப் பசிக்கும்ங்கறது இன்னைக்கு ஆறு மணி தட்டுலயே முடிவாயிருது. ஆரம்பத்துல ஆறு அடிச்சதும் இனிப்பு, ரொட்டின்னு கையில கெடைச்சதை அள்ளிப் போட்டுக்குவேன், பத்து நிமிஷத்துல வயிறு முட்டிரும், அப்புறம் காயோ முட்டையோ உள்ள போகவே போகாது. மறுநாள் எட்டரைப் பசி பதினொண்ணு வரைக்கும் அடங்காது. இப்ப முதல்ல காய்கறி, கூடவே முட்டை, மீன், பருப்பு மாதிரி புரதம், மாவுச்சத்து கடைசியில, கீழ வச்சு கீழ வச்சு ஒரு மணி நேரம் சாப்பிடறேன். வேகவச்ச உருளைக்கிழங்கை ஒதுக்காதீங்க. 1995-ல சுசானா ஹோல்ட் குழு 38 உணவுகளை சம கலோரி அளவுல குடுத்து, ரெண்டு மணி நேரம் எது நல்லா வயிறு நிறைஞ்ச மாதிரி வச்சிருக்குன்னு பாத்தாங்க, வெள்ளை ரொட்டிக்கு 100-ன்னா உருளைக்கிழங்குக்கு 323.

அளவும் குறையக் கூடாது. மூணாவது மாசம் எனக்குப் பேராசை வந்து அந்த ஒரு வேளையையும் பாதியாக்கினேன். அப்ப நோட்டுல இருந்த நேரக்கணக்கெல்லாம் காணாமப் போச்சு, விடிஞ்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் ஒரே அஞ்சு மார்க், ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, எப்பப் பாத்தாலும் சாப்பாட்டு நெனப்பு. இது கடன் பாக்கி மாதிரியான பசி, வெந்நீருக்கும் துணி மடிக்கறதுக்கும் அடங்காது. 1944-45-ல ஆன்சல் கீஸ்ங்கற விஞ்ஞானி அமெரிக்காவுல மின்னசோட்டால 36 ஆம்பளைங்களை மாசக்கணக்குல அரைப்பட்டினி போட்டுப் பாத்தப்ப, அவங்க சமையல் புத்தகங்களை எடுத்து வச்சுப் படிக்கற அளவுக்குப் போயிருக்காங்க. அதைப் படிச்சப்ப எனக்குப் பக்குனு இருந்துச்சு, நானும் அந்த மாசம் ராத்திரி படுத்துக்கிட்டு சமையல் குறிப்பாதான் படிச்சுட்டு இருந்தேன். மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பிட்டேன்.

"ரெண்டு வாரம் தாங்கிட்டா பசியே எடுக்காது"ன்னு நெறைய பேர் அடிச்சுச் சொல்றாங்க, அப்படியே நம்பிராதீங்க. 2007-ல வந்த ஒரு ஆய்வுல, அதே கலோரியை எட்டு வாரம் மூணு வேளையாவும், எட்டு வாரம் ஒரே வேளையாவும் சாப்பிட வச்சாங்க. ஒரு வேளை சாப்ட்டப்ப கொழுப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா பசி கூடியிருக்கு, ரத்த அழுத்தமும் கூடியிருக்கு. எனக்கு எட்டரைப் பசி சுத்தமா போயிருச்சு, ஒரு மணிப் பசி இளைச்சிருச்சு, நாலரை இன்னும் அப்படியேதான் இருக்கு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். போன மாசம் ஒரு நாள் சரியா தூங்காம, வெயில்ல அலைஞ்சுட்டு வந்து வீட்டுக் கதவைத் திறக்கறேன், சாவி ஓட்டைக்குள்ள போகல. கை வெடவெடன்னு நடுங்குது, கழுத்தெல்லாம் சில்லுனு வேர்வை, காது அடைக்குது. மணி மூணு. கதவு திறந்ததும் நேரா ஒரு டம்ளர் தண்ணில சர்க்கரையைக் கலக்கிக் குடிச்சு, தரையிலயே உட்கார்ந்து, அப்புறம் சாப்ட்டேன். நடுக்கம், வேர்வை, கண்ணு இருட்டறது, இதெல்லாம் வந்தா அது காத்திருக்கற பசி இல்ல, உடனே சாப்பிடுங்க. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டர் சொல்லாம இதுல இறங்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து. கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கற அம்மாக்கள், வளர்ற பிள்ளைங்க, சாப்பாட்டோட ஏற்கனவே மனசளவுல போராட்டம் இருந்தவங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

இந்த எட்டு மாசத்துல ஆறு மணிக்கு முன்னாடியே சாப்பிட்ட நாள், ஆரம்பத்துல பயத்துல சாப்பிட்ட அந்த நாலையும் சேத்து பதினொண்ணு. எல்லாத்தையும் தேதி போட்டு, முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன்னும் பக்கத்துலயே எழுதி வச்சிருக்கேன். அந்த நாலைத் தள்ளிட்டா மீதி ஏழு, அதுல ஆறு நாளுக்கு முந்தின ராத்திரித் தூக்கம் அஞ்சு மணி நேரத்துக்கும் கம்மி.