மட்டி போட்ட தொட்டி

மே 3, பாளையங்கோட்டை

வீட்டுக் கடல்மீன் தொட்டியில் தண்ணீரை வடிக்கட்டும் என்று கேட்டிருந்த மட்டிச் சிப்பி, புன்னக்காயலிலிருந்து வந்து சேர்ந்தது. தாமிரபரணி கடலில் விழுகிற இடம் அது, உப்பு ஏறி இறங்கினாலும் தாங்குகிற கழிமுகத்து மட்டி என்பதால்தான் அதையே கேட்டு வாங்கினேன். இருந்தாலும் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கி, அப்புறம்தான் மணலில் வைத்தேன். ஆச்சிக்குத்தான் மனசு ஆறவில்லை: "ஏல, நல்ல கொழுத்த மட்டி, கொழம்பு வைக்காம கண்ணாடிக்குள்ள போட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கியே."

மே 4

எல்லாம் மணலுக்குள் இறங்கிவிட்டன. வெளியே தெரிவது இரண்டு குழாய் முனைகள் மட்டும். ஒன்றில் தண்ணீர் உள்ளே போகிறது, செவுளில் நுண்பாசியும் தூசியும் தங்கிவிட, மிச்சத் தண்ணீர் இன்னொன்றில் வெளியே வருகிறது. மாடியில் வளர்க்கும் நானோகுளோராப்சிஸ் என்கிற நுண்பாசியின் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். ராத்திரிக்குள் தொட்டியின் பின்கண்ணாடி தெரிந்தது!

மே 9

நண்பன் வந்து பார்த்துவிட்டு, இனி ஃபில்டரைக் கழற்றிவிடலாமே என்றான். கூடாது. மட்டி வடிப்பது மிதக்கிற அழுக்கைத்தான், மீன் கழிவிலிருந்து வந்து கரைந்திருக்கும் நைட்ரேட்டை அது தொடாது, போதாததற்குத் தானும் கழிவாக அம்மோனியா விடும், வேண்டாத தூசியைச் சளியில் சுற்றி மணல்மேலேயே துப்பியும் வைக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாக, நைட்ரேட்டாக மாற்றுகிற வேலை கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாவுடையது. நைட்ரேட்டுக்கு நான் தண்ணீர்தான் மாற்றுகிறேன். ட்ரைடாக்னா என்கிற ராட்சத மட்டி நைட்ரேட்டையும் எடுக்குமே என்றான். எடுக்கும், அதன் சதைக்குள் பாசி குடியிருக்கிறது, வெளிச்சம் இருந்தால் போதும். ஆனால் நம் நாட்டில் அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, அந்தப் பேச்சே வேண்டாம்.

மே 16

கத்திரி வெயில், கூடவே கரண்ட் கட். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், அதனால் பேட்டரி ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மட்டி வாய் பிளந்து கிடந்தது, தொட்டும் மூடவில்லை. உடனே எடுத்துவிட்டேன், செத்த மட்டி அழுகினால் அம்மோனியா ஏறி மீனும் போய்விடும்.

மே 20

க்ளவுன் மீன் ஒன்றுக்கு வெள்ளைப்புள்ளி நோய். மருந்தில் தாமிரம் இருக்கிறது, மட்டிக்கு அது விஷம், ஆகவே மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியாயிற்று. பெரிய தொட்டி இப்போது பளிச்சென்று இருக்கிறது, பார்க்கிறவர்கள் மெச்சுகிறார்கள், எனக்கோ அதுதான் கவலை, தெளிந்த தண்ணீரில் மட்டிக்குத் தின்ன ஒன்றும் இல்லை. இன்னொரு கேனிலும் பாசி போட்டிருக்கிறேன். அது பச்சை பிடிக்கிறவரை புது மட்டி வாங்குவதாக இல்லை.