குளக்கரை வெளியும் எங்கள் தாவரவியல் மாஸ்டரும்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்மதிலுக்கும் குளத்துக்கும் நடுவில் கிடக்கும் வெளியை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு மருதமரம், மாடுகள் முதுகு உரசிக்கொள்ளும் ஓர் ஆவுரஞ்சிக்கல், கோடையில் வெடித்துக் கிடக்கும் தரை, மாரியில் முழங்காலளவு தண்ணீர். கிரிக்கெட் பந்து மதிலைத் தாண்டினால் அங்கேதான் போய் விழும். யாழ்ப்பாண நகரத்தைச் சுற்றி இப்படி இருந்த வெளிகள் பல இன்றைக்குக் கடைத்தொகுதிகளாகவும் மதில் கட்டிய காணிகளாகவும் மாறிவிட்டன. எங்கள் வெளி மட்டும் இன்னும் வெளியாகவே கிடக்கிறது. அதற்காக ஒரு மனிதர் இளவயதிலிருந்து இன்றுவரை கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியிருக்கிறார்.

இந்த வருட ஒன்றுகூடலில் அவரைக் கௌரவிப்பதென்று எங்கள் பழைய மாணவர் சங்கம் முடிவெடுத்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். விழா மலரில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். போடாவிட்டாலும் என்ன, "மாஸ்டர்" என்றால் எங்கள் காலத்தில் படித்தவர்களுக்கு வேறு ஆள் ஞாபகத்துக்கு வராது.

அப்போது உயர்தரத்தில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். மாஸ்டர் கரும்பலகையில் இலையின் குறுக்குவெட்டுமுகத்தை வரைந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் எங்களுக்கு அவர் தந்த பெரிய படிப்பு சனிக்கிழமைகளில்தான் நடந்தது. சைக்கிளில் அவருக்குப் பின்னால் போவோம். அவருடைய காரியரில் ஒரு நைலோன் கயிற்றுச் சுருள் இருக்கும். நுனியில் ஓர் இரும்பு நட்டு, அடிக்கு ஒரு முடிச்சு. குளத்தடியில் தொடங்கி வீதி வழியே ஒவ்வொரு வளவாகக் கேட்டுக் கிணற்றுக்குள் கயிற்றை விடுவார். நட்டு தண்ணீரில் பட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கிணற்றுக்கட்டு விளிம்பிலிருந்து எத்தனை முடிச்சு என்று எண்ணுவது எங்கள் வேலை. பிறகு வாளியில் அள்ளி எல்லோரும் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். நல்ல தண்ணீரா சவரா என்று கொப்பியில் எழுதுவார்.

சித்திரையில் போனபோது விசயம் துலக்கமாகத் தெரிந்தது. குளத்துக்குக் கிட்டிய கிணறுகளில் தண்ணீர் மேலே நின்றது, குடிக்கவும் நன்றாக இருந்தது. தூரத்துக் கிணறுகள் இறங்கியிருந்தன, சில சவர்த்திருந்தன. மாரி முடிந்து தைமாதம் அதே கிணறுகளுக்குப் போய் இன்னொரு தரம் அளந்தோம். அந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, புத்தகத்தில் எந்தப் படமும் அவ்வளவு தெளிவாக எனக்கு விளங்கியதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுந்தான் ஓடும். வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கடலிலிருந்து உள்ளே புகுந்து நிற்கும் உப்புநீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. அந்தப் படையைத்தான் நாம் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். அது மெலிந்தால் கீழே உள்ள உப்பு மேலே வரும். இதைக் கண்ணால் காட்ட மாஸ்டர் எங்களைப் புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர்.

"ஆக்கள் வெறுங்காணி எண்டு சொல்லுற இடத்தாலதான் தம்பி எங்கட கிணத்துக்குத் தண்ணி வருது" என்பார். குளம், குளத்துக்கு வரும் வாய்க்கால், அதன் இருபுறத் தரவை, கோயில் வீதி, பள்ளிக்கூட மைதானம் என்று மழை நின்று இறங்கும் நிலமெல்லாம் அவருக்கு ஒரே கணக்கு. எங்கள் முன்னோர் வழிநெடுக மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் வைத்தார்கள். வழிப்போக்கனுக்கு நிழல், மாட்டுக்குத் தண்ணீர், அது முதுகு உரசிக்கொள்ள ஒரு கல். ஊருக்குப் பொதுவாக நிலம் விடுவது எங்களுக்குப் புதிதல்ல என்று சொல்ல அவர் இவற்றைத்தான் காட்டுவார்.

பழைய பூங்காவுக்கும் எங்களைக் கூட்டிப்போனார். 1829 முதல் 1867இல் இறக்கும்வரை யாழ்ப்பாணத்தில் ஆட்சி அதிகாரியாக இருந்த பேர்சிவல் அக்லன்ட் டைக் உண்டாக்கிய சோலை அது. அங்கே நின்ற கிழட்டு மரங்களின் சுற்றளவை நாங்கள் கைகோத்து அளந்தோம். அந்த ஆங்கிலேயருடைய ஆட்சியைப் பற்றி மாஸ்டருக்குக் கடுமையான கருத்துகள் இருந்தன. ஆனாலும் டைக் விட்டுப்போன நிழல் இன்று எங்களுடையது, அதை ஒரு மரமும் குறையாமல் அடுத்தவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்.

பிறகு யுத்தம். நான் நாட்டை விட்டு வந்துவிட்டேன். இனிச் சொல்வது அங்கேயே இருந்த நண்பர்கள் சொன்னது. பங்கர் மூடப் பனங்குற்றி வேண்டும், அடுப்பெரிக்க விறகு வேண்டும். பனைகள் ஆயிரக்கணக்கில் சரிந்த காலம் அது. தறிக்கிறவர்களோடு மாஸ்டர் சண்டைக்குப் போகவில்லை. உயிர் தப்பத் தறிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழங்களின் விதைகளைப் பெடியளைக் கொண்டு சாக்கில் பொறுக்குவித்து, மழை தொடங்கக் குளக்கரையிலும் வாய்க்கால் வரம்பிலும் ஊன்றிக்கொண்டே இருந்தார். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் குடும்பத்தோடு நடந்தார். கொடிகாமத்துப் பக்கம் ஒரு மாமரத்தின் கீழ் பல நாள் இருந்தாராம். திரும்பி வந்ததும் தன் வீட்டுக் கூரையைப் பார்க்க முன்னம் குளக்கரையைப் போய்ப் பார்த்தார் என்று அவருடைய மனைவி சொன்னார். ஊன்றியதில் பாதிக்கு மேல் வடலியாக நின்றது.

யுத்தத்தில் தப்பிய வெளிக்குப் பெரிய ஆபத்து சமாதானத்தில்தான் வந்தது. 2009க்குப் பிறகு யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது, காணி விலை ஏறியது, வெளிநாட்டுக் காசு வந்தது. ஒருநாள் விடிய, குளத்தின் வடக்குக் கரையில் இடிந்த வீடுகளின் கல்லும் சீமெந்துக் கட்டியும் ட்ராக்டரில் வந்து கொட்டத் தொடங்கின. கரையை நிரவிக் கடை கட்ட ஒருவர் திட்டம் போட்டிருந்தார். மாஸ்டருக்கு அப்போது பென்சன் எடுத்துப் பல வருடம். அவர் சத்தம் போடவில்லை. பழைய நில அளவைப் படத்தின் பிரதியைத் தேடி எடுத்தார். குளமும் வாய்க்காலும் அதில் அரச காணி என்று நீலக் கோட்டில் இருந்தன. சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் போய்க் கையெழுத்து வாங்கினார். கூடவே அந்தக் கிணற்றுக் கொப்பிகள். உங்கள் கிணறு இன்ன வருடம் இப்படி இருந்தது என்று அவரவர் கிணற்றின் கணக்கையே காட்டியபோது, கையெழுத்துப் போடாதவர் யாருமில்லை. பிரதேச செயலகம், கமநல சேவைகள் திணைக்களம், மாநகரசபை என்று நடந்தார். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்வார். வயற்காணியை எழுத்துமூல அனுமதியில்லாமல் நிரவ முடியாது என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடைசியில் கல் கொட்டுவது நின்றது. கொட்டிய கல்லை அள்ள இன்னும் ஒரு வருடம் சென்றது.

அடுத்தது எங்கள் பக்கத்திலிருந்தே வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மண்டபம் கட்டிக் கொடுக்க வெளிநாட்டுச் சங்கங்கள் சேர்ந்து காசு சேர்த்தன. இடம் காணாது, பின்மதிலை உடைத்து வெளிக்குள் போகலாம் என்று வரைபடம் வந்தது. மாஸ்டர் எங்கள் செயற்குழுவுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். மண்டபம் வேண்டும் என்றுதான் தொடங்கினார். பழைய விஞ்ஞானகூடத்துக்கு மேல்மாடி போட்டால் அதே அளவு மண்டபம் வரும் என்று அளவுகளோடு எழுதியிருந்தார். குழுவில் விவாதம் கொஞ்சம் சூடாகவே போனது. கடைசியில் பொறியியலாளர்களாக இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் கணக்குப் பார்த்து, அத்திவாரம் தாங்கும் என்றார்கள். இன்று அந்த மேல்மாடி மண்டபத்தின் யன்னலால் பார்த்தால் மருதமரத்தின் உச்சி தெரிகிறது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்கு உதவும் எல்லாச் சங்கங்களும் அந்தக் கடிதத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நாங்கள் அன்போடு அனுப்பும் காசு பெரும்பாலும் சீமெந்தாகத்தான் மாறுகிறது. முற்றம் முழுக்கக் கல் பதித்து, மதிலடிவரை கட்டடம் எழுப்பிவிட்டு, மழைத் தண்ணீரை வீதிக்கு அனுப்புகிறோம். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தில் எந்தெந்த வீதிகள் பல நாள் வடியாமல் நின்றன என்று மாஸ்டரைக் கேட்டுப் பாருங்கள். வாய்க்கால் அடைபட்ட இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்.

சில வருடங்களுக்கு முன் மகளைப் பார்க்க ரொறன்ரோ வந்திருந்தார். ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தான் ரூஜ் பூங்கா. 2015இல் சட்டத்தால் உருவான, கனடாவின் முதலாவது தேசிய நகர்ப் பூங்கா. ஆற்றங்கரைப் பாதையில் பொல்லை ஊன்றி மெதுவாக நடந்தார். இவ்வளவு பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு காடு எப்படி மிஞ்சியது என்று கேட்டார். 1970களிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள் குழு சேர்த்து, கூட்டம் கூட்டமாகப் போய் வாதாடிக் காப்பாற்றியது என்று சொன்னேன். அவர் நின்றுவிட்டார். "அரசாங்கம் தானாச் செய்யேல்லையோ?" என்றார். இல்லை சேர் என்றேன். அன்றைக்கு முழுவதும் அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு யாழ்ப்பாண நகரத்து ஆரியகுளத்தைப் பற்றித் தொலைபேசியில் நிறையக் கதைத்தார். 2021 டிசெம்பரில் அதைத் துப்புரவாக்கித் திறந்தபோது முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்திருக்கிறார். பின்னேரங்களில் சனம் குடும்பமாக வந்து இருப்பது அவருக்கு மிகப் பிடித்திருந்தது.

பாராட்டு விழாவைப் பற்றிச் சொன்னதும் பொன்னாடையும் கேடயமும் வேண்டாம் என்றார். விழாவுக்கு ஒதுக்கிய காசில் வாய்க்காலைத் தூர்வாரித் தர முடியுமா என்று கேட்டார். வீதிக்கும் குளத்துக்கும் இடையில் மண்ணும் பிளாஸ்ரிக்கும் அடைத்துக் கிடக்கும் பகுதி அது. செயற்குழு சம்மதித்துவிட்டது. வேலை புரட்டாதிக்குள் முடிய வேண்டும், மழை தொடங்கினால் பிறகு இறங்க முடியாது. ஆகவே பங்களிக்க விரும்புகிறவர்கள் ஆடி முடிவதற்குள் பொருளாளரோடு தொடர்புகொள்ளுங்கள். அந்த வாய்க்கால் ஓரத்தில் காணி வைத்திருக்கும் பழைய மாணவர்கள் மதில் கட்டும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து கட்ட முதல் மாஸ்டரோடு ஒருக்கால் கதையுங்கள். நில அளவைப் படம் அவரிடம் இருக்கிறது.