இசட் 28 என்று சொன்னார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த 1969 கமாரோ காரை நான் வாங்கவில்லை. பரிசோதகருக்குக் கொடுத்த 400 டாலர், கனடாவின் ஒன்டாரியோவில் பீட்டர்பரோ தாண்டி இரண்டு முறை போய்வந்த பெட்ரோல், ஏறக்குறைய இரண்டு மாதம். நஷ்டம் இவ்வளவுதான். 89,000 டாலர் தப்பியது. ஆனாலும் அந்தப் பரிசோதகரின் அறிக்கையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

விளம்பரத்தில் இருந்தது இது: 1969 செவர்லே கமாரோ இசட் 28. ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை, நாலு கியர். கனடாவில் புதிதாக விற்கப்பட்ட வண்டி. எக்ஸ் 77 தகடு (இசட் 28 என்று காட்டும் குறியீடு அடித்த பாடித் தகடு) உண்டு. நம்பர் எல்லாம் மேட்ச், அதாவது வண்டியோடு பிறந்த எஞ்சினே உள்ளே.

கமாரோ பைத்தியம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று அன்று விதி. அதற்காக 4 அங்குல சிலிண்டர் விட்டம், 3 அங்குல பிஸ்டன் ஓட்டம் வைத்து செவர்லே செய்த 302 எஞ்சின் வண்டிதான் இசட் 28. 1967-ல் 602 வண்டிகள், அடுத்த வருடம் 7,199, 1969-ல் 20,302. கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு இது என்ன அபூர்வம் என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். அந்த 20,302-ல் பாதியைப் பந்தயத்திலும் மரத்திலும் மோதியே தீர்த்திருப்பார்கள், இருந்தும் இன்று விற்பனைக்கு வருவது செய்ததைவிட அதிகம் என்று கேலி பேசுவார்கள். சாதாரண கமாரோவை இசட் 28 ஆக்கத் தேவையான அத்தனையும் கடையில் கிடைக்கிறது. பட்டை, பேட்ஜ், ஸ்பாய்லர், ஏன், அந்த எக்ஸ் 77 தகடுகூட.

எல்லா வம்புக்கும் வேர் ஒன்றுதான். 1969 வண்டியின் வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், இசட் 28-ஐக் காட்டிக்கொடுக்காது. 124379என் என்று தொடங்கினால் செவர்லே, வி8 கமாரோ கூப்பே, 1969, ஓஹையோவின் நார்வுட் தொழிற்சாலை. அவ்வளவுதான். உள்ளே பந்தய எஞ்சினா, பாட்டி கடைக்குப் போய்வந்த சாதாரண 307 எஞ்சினா என்று அதில் இருக்காது.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் காசைக் கரியாக்கினேன். பிப்ரவரிக் குளிரில் அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று நினைத்து, விற்பவர் ஊர்ப் பக்கம் பழைய வண்டிகளைப் பார்த்துத் தருகிற ஒருவரை இணையத்தில் பிடித்தேன். 400 டாலர். நாலாம் நாள் 60-க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. பெயிண்ட் எத்தனை கனம் என்று ஒவ்வொரு கதவிலும் அளந்திருந்தார். எஞ்சின் பற்றி ஒரே வரி: நம்பர்கள் பொருந்துவதாகத் தெரிகிறது. எஞ்சின் முகப்பில் வின் நம்பரின் கடைசி இலக்கங்களை அடித்திருப்பார்கள், அதையும் டேஷ்போர்டுத் தகட்டையும் ஒப்பிட்டிருக்கிறார். பொய்யாக அடிப்பவன் அதைப் பொருந்தாமலா அடிப்பான்? இரண்டும் பொருந்துவது சரிபார்ப்பின் ஆரம்பம், முடிவு அல்ல. தேதிகளைப் பார்த்தீர்களா என்று போனில் கேட்டேன். அது தன் பேக்கேஜில் வராது என்றார்.

சரி, நாமே போவோம் என்று கிளம்பினேன். வண்டி ஒரு கொட்டகையில், மூன்று பக்கமும் சாமான். பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தார்கள், வெளிச்சம் இல்லை. நம்பர் அடித்த திட்டு பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதன்மேல் எஞ்சினுக்கு அடித்த ஆரஞ்சு பெயிண்ட் வேறு. என் கையில் இருந்தது செல்போன் விளக்கு மட்டும். விரலால் தடவியதில் எழுத்து இருக்கிறது என்பது தெரிந்தது, என்ன எழுத்து என்பது தெரியவில்லை. துடைக்கலாமா என்றால் விற்பவர் எதையும் தொடாதே என்கிறார். நம்பாமல்தான் வந்தாயா என்று கேட்கிற முகம் அவருக்கு. காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

நீங்கள் போவதானால் கையடக்கக் கண்ணாடி ஒன்று, நல்ல டார்ச், பிரேக் கிளீனர், பழந்துணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், தரையில் விரிக்க அட்டை எல்லாம் எடுத்துப் போங்கள். திட்டைத் துடைக்க அனுமதி உண்டா என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் பயணமே வேண்டாம்.

ஸ்கார்பரோவில் நான் வண்டி விடுகிற கராஜ் அண்ணரிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக அமெரிக்க வி8 எஞ்சின்களில் கை வைத்தவர். அறிக்கையை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். "தம்பி, இவர் முகத்தைத்தான் பாத்திருக்கிறார். காசு கட்ட முதல் முதுகைப் பாக்க வேணும்" என்றார். அடுத்த ஞாயிறு அவரே வருவதாகவும் சொன்னார். கூலி வாங்க மாட்டேன் என்று அடம். வழியில் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததோடு சரி.

அண்ணர் முன்னால் விற்பவருக்கு என்னவோ பேச்சே எழவில்லை. துடைக்க விட்டார். பிரேக் கிளீனர் பட்டதும் பெயிண்ட் கரைந்து எழுத்து வந்தது: வி 0215 டி-இசட். வி என்றால் ஃபிளின்ட் எஞ்சின் தொழிற்சாலை, பிப்ரவரி 15, டி-இசட் என்றால் 1969 இசட் 28-க்கான 302. பக்கத்தில் வின் இலக்கங்கள். எனக்கு ஒரு நொடி நெஞ்சு பூரித்துவிட்டது. அண்ணர் எழுத்தைப் படிக்கவே இல்லை, எழுத்துக்கு அடியில் இருந்த இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) மேல்தளத்தைச் சீவும்போது அந்தத் திட்டில் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகள் விழும், ஈரத் தலையில் சீப்பு இழுத்த மாதிரி. இங்கே அந்தக் கோடு ஒன்றும் இல்லை. உப்புத்தாள் தேய்த்த வட்டங்கள்தான் இருந்தன. எஞ்சினைப் பிரித்து மறுபடி தளம் சீவியிருந்தாலும் கோடு அழியும் என்பதால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றும் அவரே சொன்னார்.

அப்புறம்தான் முதுகு. பிளாக்கின் பின்விளிம்பில், கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் பயணி பக்கம், வார்ப்புத் தேதி புடைத்து நிற்கும். அச்சிலேயே வந்த எழுத்து அது. அடித்து மாற்றுவது சுலபம் இல்லை, தேய்த்து எடுத்துத்தான் மாற்ற வேண்டும், அதற்குப் பலர் மெனக்கெடுவதில்லை. பழந்துணியால் எண்ணெய்ப் பிசுக்கை வழித்து, கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து என்னை வாசிக்கச் சொன்னார். தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரிகிற எழுத்தை வாசிக்க எனக்கு மூன்று முறை ஆயிற்று. சி, 20, 9. சி என்றால் மூன்றாவது மாதம். 1969 மார்ச் 20.

பிப்ரவரி 15-ல் பூட்டி முடித்த எஞ்சினின் பிளாக்கை மார்ச் 20-ல் வார்த்திருக்கிறார்கள்!

"தாய் பிறக்க முதல் பிள்ளை பிறந்திருக்கு" என்றார் அண்ணர். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விற்பவர் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

வண்டியின் பாடித் தகடு சொன்னது 03 பி, அதாவது மார்ச் இரண்டாம் வாரம். அந்தக் கணக்கிலும் பிளாக்குக்கு முன்பே வண்டி உருண்டுவிட்டது. ஆக, எஞ்சின் இந்த வண்டியோடு பிறந்ததில்லை என்பது முடிவு. ஆனால் அதனாலேயே வண்டி பொய் என்று ஆகிவிடாது. 302 எஞ்சினை உடைத்து வேறு போட்ட அசல் இசட் 28-கள் எத்தனையோ உண்டு. மேட்ச் என்கிற பொய்க்கு விலையைக் குறைத்துக்கொண்டு வாங்கலாம் என்றுகூட எனக்கு ஆசை இருந்தது. வைப்பர் அடியில் உள்ள பலகையைக் கழற்றிப் பார்த்த மறைவு வின் நம்பரும் டேஷ்போர்டு நம்பரும் ஒத்துப்போயின. பாடி வேறு, தகடு வேறு என்கிற கவலை அதோடு தீர்ந்தது.

அண்ணர் கார்ப்பெட்டைத் தூக்கினார். தொழிற்சாலையில் நாலு கியர் போட்ட வண்டியில் கியர் கம்பி வெளியே வரும் மேடு தனித் தகடாக ஸ்பாட் வெல்டிங்கில் இருக்கும். இதில் நடுத்தரையை வெட்டித் தகட்டை ரிவெட் அடித்திருந்தார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பிற்பாடு யாரோ வைத்த மேடு. கதவுப்படியின் அலுமினியப் பட்டையைத் திருகு கழற்றி விலக்கினால் ஆரஞ்சுக்கு அடியில் கரும்பச்சை. பாடித் தகட்டிலோ ஆரஞ்சு நிறத்தைக் குறிக்கும் 72 என்ற எண். அப்படியானால் தகடு யாருடையது? விற்பவர் அது பழைய பெயிண்ட் சிதறல் என்றார்.

அன்றே 2,000 டாலர் முன்பணம் கேட்டார், வேறு ஆள் வருகிறான் என்று. நான் பையில் கை விட்டுவிட்டேன். இவ்வளவு பார்த்த பிறகுமா என்று கேட்காதீர்கள், ஆரஞ்சு வண்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது புரியும். அண்ணர் என் கையைப் பிடித்து, கம்பெனிப் பதிவில் இசட் 28 இல்லை என்றால் முழுப் பணமும் திரும்ப என்று எழுதி வாங்கச் சொன்னார். பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி, விற்பவர் கையெழுத்துப் போட்டார். இந்த மொத்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான், அதுவும் என்னுடையது இல்லை.

கம்பெனிப் பதிவு என்றது ஜி.எம். கனடாவின் பழைய கோப்புகளை. கனடாவில் புதிதாக விற்கப்பட்ட வண்டி என்றால் வின் நம்பரும் கட்டணமும் கொடுத்து, எந்த டீலருக்குப் போனது, என்னென்ன ஆப்ஷன்கள் என்ற விவரத்தை வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு ஆப்ஷன் விவரத்தை இப்படிக் கேட்டு வாங்க வழியில்லை. அங்கே பழைய உரிமையாளர் கையில் தப்பிய காகிதங்களை வைத்துத்தான் சண்டை. ஆகவே கனடிய வண்டி என்பது வாங்குபவனுக்கு வரம். விற்பவர் அதைப் பெருமையாக விளம்பரத்திலேயே போட்டிருந்தார், பாவம்.

இதிலும் நான் சொதப்பினேன். படத்தைப் பார்த்து வின் எழுதியபோது ஒரு 8-ஐ 3 என்று எழுதி அனுப்பிவிட்டேன். அப்படி ஒரு வண்டி பதிவில் இல்லை என்று பதில் வந்தது. இரண்டு நாள் விற்பவரை மனதுக்குள் திட்டித் தீர்த்த பிறகுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருப்பு. மூன்று வாரம் வீண். நம்பரை உரக்கப் படித்து இன்னொருவரை எழுதச் சொல்லிச் சரிபாருங்கள். இடையில் பழைய வண்டி விற்பனைக்கான ஒன்டாரியோ அரசின் 20 டாலர் தகவல் கட்டையும் விற்பவரிடமிருந்து வாங்கிப் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை.

சரியான பதில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. 307 எஞ்சின். பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், இரண்டே கியர். கரும்பச்சை, வினைல் கூரை, ஏ.எம். ரேடியோ. சஸ்கச்சவானில் ஒரு சிற்றூர் டீலருக்குப் போயிருக்கிறது. இசட் 28 என்ற வரி இல்லை. காகிதத்தை அண்ணருக்கு அனுப்பினேன். "ரேடியோ வேலை செய்யுதோ?" என்று மட்டும் பதில் போட்டார்.

முன்பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் வந்திருக்காது. தன்னையும் இப்படித்தான் ஏமாற்றினார்கள் என்றார் விற்பவர். இருக்கலாம். அந்தக் காகிதத்தின் நகல் ஒன்று தரட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்.

போன வாரம் அதே ஆரஞ்சு வண்டி மறுபடி விளம்பரத்தில். விலை 84,500. எக்ஸ் 77 தகட்டின் படம் முதலிலேயே பெரிதாக இருக்கிறது. வின் தெரிகிற படத்தை மட்டும் காணோம். கனடாவில் விற்ற வண்டி என்ற வரியை எடுத்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறார்கள்.