கையெழுத்து வரும்வரை

மார்ச் 3
இன்னும் எடுக்காத படத்தை ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தர்களுக்கு விற்கிறோம். நான்காவது ஏரியாவும் பேசி முடிந்தது. எம்.ஜி., அதாவது விநியோகஸ்தர் தரும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, 100 என்று வைத்துக்கொண்டால் கையெழுத்தின்போது 20, முடித்த படத்தை ஒப்படைக்கும் டெலிவரியில் 80. படம் எடுக்கப் பணம் இப்போது வேண்டும், 80 வருவதோ எடுத்து முடித்த பிறகு. அதனால்தான் ஒப்பந்தங்களைக் காட்டி வங்கியில் கடன்.

மார்ச் 5
கையெழுத்து வரவில்லை.

மார்ச் 6
80-ஐக் காட்டினால் வங்கி 80 தராது. ஏரியாக்களை விற்றுத்தரும் ஏஜென்ட்டின் கமிஷன் 15 என்றால் அது முழு 100-க்கும் போகும். சிலர் அட்வான்ஸிலேயே எடுத்துக்கொள்வார்கள். டெலிவரிக்குத் தள்ளிவைக்கச் சொல்லி இப்போதே பேசிவிட வேண்டும். டெலிவரி வரையிலான வட்டியை, தாமதத்துக்குச் சில மாதம் கூட்டி, வங்கி முதலிலேயே பிடித்துக்கொள்ளும். வங்கியின் வக்கீல் செலவும் தயாரிப்பாளர் தலையில். எம்.ஜி. வரிப்பிடித்தம் போக நிகரத் தொகை என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது ஏரியா. அங்கே வரியும் நம் பணத்தில்தான் கழியும். எரிச்சல்.

மார்ச் 9
வர வேண்டிய கையெழுத்து ஒப்பந்தத்தில் அல்ல, உரிமை மாற்று அறிவிப்பில். பணத்தை நேராக வங்கிக்கே கட்டுகிறேன், எதையும் கழித்துக்கொள்ள மாட்டேன் என்று விநியோகஸ்தர் ஒப்புக்கொள்ளும் தாள். ஒப்பந்தத்துக்கு ஓடிவந்தவர்கள் இதற்கு மட்டும் 'வக்கீலைக் கேட்கணும்' என்பார்கள். நியாயம்தான். படத்தைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசும் வழி இதோடு அடைபடுகிறதே.

மார்ச் 10
எம் அண்ட் ஈ! வசனமில்லாத அந்த ஒலித்தடம்!

மார்ச் 14
படம் முடியும் என்று வங்கிக்கு உத்தரவாதம் தரும் கம்ப்ளீஷன் பாண்ட்காரர்கள் பட்ஜெட்டில் 10 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். அவர்கள் பொறுப்பு, படம் குறித்த நாளில் டெலிவரி ஆவதற்கு. நன்றாக இருப்பதற்கு இல்லை. நாயகன் பெயரை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அவர் விலகும்போது விநியோகஸ்தரும் விலகலாம். மாற்று நடிகர் பட்டியலுக்கு இப்போதே ஒப்புதல் வாங்கணும்.

மார்ச் 15
எம் அண்ட் ஈ டிராக்: வசனம் நீங்கலாக இசையும் மற்ற எல்லா ஒலியும். டப்பிங் செய்யும் ஏரியாவுக்கு இது இல்லாமல் ஆகாது. லைவ் சவுண்டிலிருந்து வசனத்தை நீக்கினால் காலடி, துணி உரசல், கதவு எல்லாம் கூடவே போய்விடும். அந்தச் சத்தங்களை ஃபோலியில், அதாவது ஸ்டுடியோவில் செய்து பதிந்து, புதிதாகப் போட வேண்டும், பட்ஜெட்டில் அதற்கு ஒரு பைசா இல்லை. கிளாஸை மேஜையில் வைக்கும் சத்தம் விட்டுப்போனால்கூட தரச் சோதனையில் திருப்புவார்கள். டெலிவரியை ஏற்காதவரை 80 கிடையாது.

மார்ச் 19
விற்காத ஏரியாக்கள்மேல் கேப் லோன், அதாவது பட்ஜெட்டில் விழும் மீதிக் குறையை அடைக்கும் கடன், கேட்கலாம். ஏஜென்ட்டின் மதிப்பீட்டில் 'கேட்கும் விலை'யை வங்கி பார்க்கவே பார்க்காது. 'குறைந்தபட்சம் கிடைக்கும் விலை'தான், அதுவும் கடனைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்.

மார்ச் 20
விநியோகஸ்தரிடமிருந்து பதில் வந்தது. 'டெலிவரிக்குப் பின்' என்பதை 'ரிலீஸுக்குப் பின்' என்று மாற்றணுமாம். ரிலீஸ் தேதி அவர் கையில். மாற்றினால் வங்கியின் பார்வையில் அந்த 80, பூஜ்யம்.