அரிசி உப்புமாவும் அடியில் பிடிக்கும் காந்தலும்

எங்கள் வீட்டில் அமாவாசை இரவுகளில் சோறு கிடையாது, பலகாரம்தான் என்பதால், அரிசி உப்புமாவின் மணம் சிறு வயது முதலே அந்த இரவுகளோடு சேர்ந்து என் நினைவில் பதிந்துவிட்டது. இப்போது அதையே ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சிற்றுண்டியாகச் செய்துவருகிறேன். ரவை உப்புமா என்றாலே முகம் சுளிக்கும் விருந்தினர்கள்கூட இதை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

அரிசியை உடைக்கும்போதே இதன் பக்குவம் பாதி முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். 2 கப் பச்சரிசியைக் களைந்து, நீரை நன்றாக வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்பி, தொட்டால் ஈரம் கையில் ஒட்டாத அளவுக்கு உலர விட வேண்டும். அதனுடன் 4 மேசைக்கரண்டி துவரம் பருப்பு, 2 தேக்கரண்டி மிளகு, 1 தேக்கரண்டி சீரகம் சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி, உப்புமா ரவையைவிடச் சற்றுப் பருமனாக உடைத்துக்கொள்கிறேன். அம்மாவின் காலத்தில் இந்த வேலையைத் திருகை செய்தது. மிக்ஸியில் ஒரு சுற்று கூடினாலும் மாவு மிகுந்துவிடும். அந்த மாவு கொதிநீரில் கஞ்சியாகி, ரவையை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, உப்புமாவைக் களியாக்கிவிடும். ஆகவே உடைத்ததைச் சலித்து, விழும் மாவைத் தோசை மாவில் கலந்துவிடுகிறேன்.

அடிகனமான வெண்கல உருளியில் தேங்காய் எண்ணெயைக் காயவைத்து, கடுகு, கடலைப் பருப்பு, உளுத்தம் பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய அரிசியாக இருந்தால் அரைக் கப் கூடுதலாகக் கேட்கும். உப்பும் ஒரு மூடித் தேங்காயின் துருவலும் அந்தத் தண்ணீரிலேயே கொதித்தால்தான் தேங்காயின் பால் ரவைக்குள் இறங்கும். பிறகு ஒரு கையால் ரவையைத் தூவி, மறு கையால் கிளறி, தீயைக் குறைத்து மூடிவிட வேண்டும். நடுவில் இரு முறை கிளறினால் போதும், சுமார் 15 நிமிடங்களில் வெந்துவிடும்.

இந்த ரவையைப் பாதி வேக்காட்டில் இறக்கி, பிடித்து, ஆவியில் வேகவைத்தால் அதுவே உப்புமாக் கொழுக்கட்டை.

வெந்ததும் அடுப்பை அணைக்க நான் அவசரப்படுவதில்லை. ஓரங்களில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெயை விட்டு, கிளறாமல், மிகச் சிறு தீயில் 5 நிமிடம் விட்டுவைத்தால், அடியில் பொன்னிறமாகக் காந்தல் பிடிக்கும். வெண்கலத்தின் கனம் சூட்டைச் சீராகப் பரப்புவதால் அது கருகாமல் மொறுமொறுப்பாக உருவாகிறது. மெல்லிய பாத்திரத்தில் முயன்றபோதெல்லாம் எனக்குக் கரிதான் மிஞ்சியது. தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்திரிக்காய்க் கொத்சு இருந்தால் வேறெதுவும் வேண்டாம். அம்மா காந்தலைத் தோசைத் திருப்பியால் முழுவதுமாகச் சுரண்டி எடுத்து, ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு துண்டு வைத்த பிறகுதான் உப்புமாவையே பரிமாறத் தொடங்குவாள்.