எஸ்.ஆர்.ஏ. வீடு கைக்கு வந்த வழி

மும்பையில் குடிசைப் பகுதியை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடிவீடு கட்டித்தரும் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்தில் அம்மாவுக்கு 2024-ல் சாவி கிடைத்தது. சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், தாராவி என்று நம்மவர்கள் நிறையப் பேர் இதே வழியில் பாதியில் நிற்கிறார்கள். வீட்டுக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பில்டர் நமக்குத் தானம் செய்யவில்லை. இடத்தின் ஒரு பகுதியில் நமக்குக் கட்டடம், மீதியில் சந்தை விலைக்கு விற்க அவருக்குக் கட்டடம். நமக்கு எத்தனை சதுர அடி கட்டுகிறாரோ, அதை வைத்துத்தான் அவர் விற்கக்கூடிய பரப்பும் கணக்காகிறது. 1995-ல் இந்த ஆணையம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி. பிறகு 269 ஆனது, இப்போது 300. ‘ஓசி வீடு’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் கோடி ரூபாய் ஃப்ளாட்டுகளுக்கு அனுமதி கிடைத்ததே எங்கள் குடிசைகள் அங்கே இருந்ததால்தான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அனெக்ஸர் 2 என்கிற பட்டியல். யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததைக் காட்டினால் பணம் கட்டாமல் வீடு. அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1 வரைக்கும் வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் கட்டினால் வீடு. எங்களிடம் ரேஷன் அட்டை, லைட் பில், குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த பழைய போட்டோ பாஸ் எல்லாம் இருந்தன. ஆனாலும் முதல் பட்டியலில் அம்மா ‘அபாத்ர’, அதாவது தகுதியில்லாதவர்.

காரணம் இரண்டு. குடிசைகளைக் கணக்கெடுக்கும் சர்வேக்கு ஆட்கள் வந்தது மே மாதம். அம்மன் கோயில் கொடைக்காக எங்கள் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலிக்குப் போயிருந்தோம். பூட்டிக் கிடந்த வீடு என்று எழுதிவிட்டார்கள். இன்னொன்று பெயர். மராத்தி விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, நமக்கோ அப்படி ஒன்று கிடையாது. அதனால் வாக்காளர் பட்டியலில் தாத்தாவின் பெயர், லைட் பில்லில் ஊர்ப் பெயர், ரேஷன் அட்டையில் அப்பா பெயரே வேறு எழுத்தில். அப்பா இறந்துபோனதால் வாரிசுச் சான்றும் கேட்டார்கள். எல்லாப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் எழுதி, 2000-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயர் இருந்த பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கி, மேல்முறையீடு போட்டோம். அந்த நகல்தான் காப்பாற்றியது. லைட் பில்லை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தப்பா குடும்பத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் எங்கள் வீட்டின் மேலேயே போட்மாளாவில், அதாவது குடிசைக்கு மேல் போட்ட தகர மாடியில் இருந்தவர்கள். தரையில் இருக்கும் குடிசைக்கு ஒரு வீடு என்பதுதான் கணக்கு, மாடியில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது சேராது. இப்போது அவர்கள் மும்பைக்கு வெளியே நாலாசோபாரா பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். இந்த விதி நியாயமே இல்லை. குடும்பம் பெருகும்போது மேலே தகரம் போட்டுக் குடியேறுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருந்ததா?

சம்மதக் கையெழுத்து வேலை சீக்கிரம் முடிந்தது. திட்டத்துக்கு முன்பு குடிசைவாசிகளில் 70 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும், இப்போது 51 போதும்.

அப்புறம் வாடகை. வீட்டை இடித்த பிறகு வெளியில் தங்குவதற்கு பில்டர் மாத வாடகை தர வேண்டும். 2020 லாக்டவுனில் அது நின்றுபோனது. அம்மா இட்லி மாவு விற்று அந்த வாடகையைச் சமாளித்தார். தனித்தனியாகப் போய்க் கேட்டபோது யாரும் மதிக்கவில்லை. குடியிருப்போர் சங்கமான சொசைட்டி கூடித் தீர்மானம் போட்டு, யார் யாருக்கு எத்தனை மாத பாக்கி என்று பட்டியலும் வைத்து ஆணையத்தில் கொடுத்த பிறகுதான் அசைவு தெரிந்தது. வாடகை பாக்கி இருந்தால் விற்பனைக் கட்டடத்தின் வேலையை நிறுத்தச் சொல்ல ஆணையத்தால் முடியும். பில்டர் பயப்படுவது அதற்கு மட்டும்தான், அதனால் கடிதத்தில் அதையே கேளுங்கள். இப்போது இரண்டு வருஷ வாடகையை முன்கூட்டியே கட்டச் சொல்லும் விதியும் வந்திருக்கிறது.

வரைபடத்தைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜன்னலுக்கு எதிரே என்ன வருகிறது என்று பாருங்கள். கோவண்டி பக்கம் லல்லுபாய் காம்பவுண்டிலும் நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் கட்டடங்களை நெருக்கி நெருக்கிக் கட்டியதால் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் காசநோய் அதிகமானதை ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும், அதையும் சரி பாருங்கள். குமாஸ்தா லைசென்ஸ் (கடைப் பதிவுச் சான்று) வைத்திருந்த கடைக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் கடை கிடைத்தது. வீட்டிலேயே மாவு அரைத்த அம்மா மாதிரிப் பெண்களின் தொழில் எந்தக் காகிதத்திலும் இல்லை. அம்மா இப்போது 11-ஆம் மாடியில் கிரைண்டர் ஓட்டுகிறார், சத்தம் என்று புகார் வருகிறது.

எந்த மாடி என்பது சீட்டுக் குலுக்கலில்தான். நடக்க முடியாதவர்களுக்குக் கீழ் மாடிகளை ஒதுக்கிவிட்டுக் குலுக்கச் சொல்லிக் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். ஒரே சந்து ஆட்களை ஒரே மாடியில் வைக்கக் கேட்டது மட்டும் நடக்கவில்லை.

பணக்காரரும் ஏழையும் ஒரே வளாகத்தில் வாழ்வார்கள் என்று மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டினார்கள். நடுவில் மதில் எழுப்பி, கேட்டும் தனித்தனியாக வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் தோட்டம், இந்தப் பக்கம் தண்ணீர் டேங்கர் நிற்கும் இடம். அங்கே வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் தெருவைச் சுற்றித்தான் போகிறார்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்தத் திறந்தவெளி எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு நகல் வாங்கியிருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் அதை வைத்துத்தான் பேசப்போகிறோம்.

இனி லிஃப்ட், பம்ப் செலவு. எங்கள் கட்டடத்துக்கு வீட்டுக்கு 40,000 ரூபாய் வீதம் பில்டர் பராமரிப்பு நிதி கட்ட வேண்டும், அதன் வட்டியில் செலவைப் பார்க்க வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. எங்கள் சொசைட்டிக்கு அந்த வட்டி போதவில்லை, மாதாமாதம் வீட்டுக்கு வீடு வசூலிக்கிறோம். சாவி வாங்கும் நாளிலேயே அந்த நிதி எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். லிஃப்ட் கம்பெனியின் உத்தரவாதச் சீட்டும் சொசைட்டி கையில் இருக்கட்டும், பில்டர் அலுவலகத்தில் வேண்டாம்.