மீட்டியது இப்போது, கேட்டது அப்புறம்

ராத்திரி பத்தரை மணி. வீடு அடங்கிவிட்டது. குக்கர் விசில் இல்லை, சீரியல் அழுகை இல்லை, கீழ்வீட்டு மோட்டாரும் ஓய்ந்துவிட்டது. கிடார் பதிவு செய்ய இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று லேப்டாப்பைத் திறந்து, வயரைச் செருகி, ஹெட்ஃபோனை மாட்டி, தடித்த ஈ கம்பியில் ஒரு தட்டு.

அமைதி. வயர் போய்விட்டதோ என்று குனியும்போது காதில் வந்து விழுகிறது: 'டங்'.

இன்னொரு தட்டு. அமைதி. 'டங்'. வேகமாக வாசித்தால் விரல் சரணத்தில், காது இன்னும் பல்லவியில். சத்தம் வரட்டும் என்று கை தானாகக் காத்திருக்க ஆரம்பிக்கும். கை காத்திருந்தால் சத்தம் இன்னும் தள்ளிப்போகும். ஐந்து நிமிடத்தில் தாளம் தவறாமல் இருப்பது மெட்ரோனோம் மட்டும்தான்.

உடனே எழும் சந்தேகம், "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு". மறுநாளே ரேம் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆகும். தாமதம் அப்படியே இருக்கும். கொஞ்சம் விசாலமாக இருக்கும், அவ்வளவுதான். இதில் ரேமுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை.

வேலை இருப்பது குடத்துக்கு. குழாயில் வரும் தண்ணீரை யாரும் சொட்டுச் சொட்டாகச் சமையலறைக்குக் கொண்டுபோவதில்லை. குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போவோம். கம்ப்யூட்டரும் சத்தத்தை அப்படித்தான் சுமக்கிறது. அந்தக் குடத்தின் பெயர் பஃபர். சத்தத்தின் ஒரு சொட்டுதான் சாம்பிள்; செகண்டுக்கு எத்தனை சொட்டு என்பது சாம்பிள் ரேட். பஃபர் 512 சாம்பிள், சாம்பிள் ரேட் 48,000 என்றால், குடம் நிறைய 512 ÷ 48,000, அதாவது 10.7 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு குடம், வெளியே போக இன்னொன்று, ஆகமொத்தம் 21.3. இதற்கு மேல் அனலாகை டிஜிட்டலாக்கித் திரும்ப அனலாக் ஆக்குவதற்கும், யூஎஸ்பிக்காரர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வதற்கும் சில மில்லிசெகண்ட்.

இது எவ்வளவு மோசம் என்பதை அடி கணக்கில் பார்க்கலாம். காற்றில் ஒலி செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர், ஒரு அடிக்குச் சற்று மேல். பத்து மில்லிசெகண்ட் தாமதம் என்றால் ஆம்ப்பிலிருந்து, அதாவது கிடார் சத்தம் வரும் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து, பதினோரு அடி தள்ளி நின்று வாசிக்கிற மாதிரி. மேடையில் தினமும் நடப்பதுதான், யாரும் புகார் சொல்வதில்லை. 20 என்றால் இருபத்திரண்டு அடி. நிதானமான பாட்டுக்குப் பரவாயில்லை, வேகமான ரிதமுக்கு நெருடும். 40-ஐத் தாண்டினால் ஆம்ப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் குடத்தைச் சின்னதாக்கலாம்: 128 வைத்தால் இருவழிக்கும் சேர்த்து 5.3. ஆனால் சின்னக் குடத்துக்கு நடை அதிகம். 128-க்கு செகண்டுக்கு 375 தடவை, 32-க்கு 1,500 தடவை ஓட வேண்டும். ஒரே ஒரு நடை பிந்தினாலும் தொட்டி வறண்டு, காதில் சோளப்பொரி பொரியும்.

விண்டோஸில் குடத்துக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? விண்டோஸின் பழைய ஒலி வழிகளான எம்எம்இ, டைரக்ட்சவுண்ட் இரண்டும் டவுன் பஸ் மாதிரி. மெயில் வந்த 'டிங்', யூடியூப், உங்கள் கிடார் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி, எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகும். இதைத் தவிர்க்கத்தான் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் ஏசியோவை, அதாவது பதிவு மென்பொருளும் சவுண்ட் கார்டும் பேசிக்கொள்ளும் ஒரு டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. நடுவில் இருக்கும் மிக்ஸரைத் தாண்டி நேரே கார்டோடு பேசும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ஆப்ஷன்ஸ், ப்ரெஃபரன்ஸஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் ஆடியோ சிஸ்டம் என்கிற இடத்தில் ஏசியோவைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்ஃபேஸ் (கிடாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இருந்தால், அதைத் தயாரித்த கம்பெனியே தருகிற ஏசியோ டிரைவர்தான் முதல் தேர்வு. அது இல்லாவிட்டால் ஏசியோ4ஆல், அல்லது விண்டோஸிலேயே இருக்கும் வசாபி எக்ஸ்க்ளூசிவ். ஏசியோ4ஆல் உண்மையில் விண்டோஸ் டிரைவருக்கு ஏசியோ முகமூடி போட்டுவிடுகிற ஆசாமி; அதன் பேனலில் வெப்கேம் மைக், எச்டிஎம்ஐ டிவி என்று ஊரே எரிந்துகொண்டிருக்கும். தேவையான ஒன்றைத் தவிர மற்றதை அணையுங்கள். அதன்பின் யூடியூப் ஊமையானால் பயப்படாதீர்கள், கார்டை ஒருவரே குத்தகைக்கு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். மேக்காரர்களுக்கு இந்தப் பஞ்சாயத்து இல்லை. மேக்கிலேயே கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு இருக்கிறது, பஃபரை மட்டும் பார்த்தால் போதும்.

கிடாரை நேராக லேப்டாப் மைக் துளையில் செருகியிருந்தால் தாமதம் இரண்டாவது பிரச்சினை. அந்தத் துளை ஹெட்செட் மைக்குக்காக வைத்தது, அதன் இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரி) சில ஆயிரம் ஓம்தான். கிடார் பிக்கப் எதிர்பார்ப்பது சுமார் 10 லட்சம் ஓம். மேல் ஸ்தாயி எல்லாம் போய், போர்வைக்குள் வாசிக்கிற மாதிரி கேட்கும். போதாக்குறைக்கு விண்டோஸின் நாய்ஸ் சப்ரஷன், நீங்கள் நீட்டிப் பிடித்த நோட்டை ஃபேன் சத்தம் என்று நினைத்து ஒடுக்கிவிடும். சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை அணைக்கவும். இன்டர்ஃபேஸ் இருந்தால் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று எழுதிய பொத்தானை அமுக்கவும்.

அடுத்து ஆவி. ஒரு தட்டு தட்டினால் இரண்டு 'டங்'. முதலாவது சுத்தமாக, இரண்டாவது டிஸ்டார்ஷனோடு. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் போட்டிருக்கிறது. சாஃப்ட்வேர் டிராக்கிலும் மானிட்டர் ஆன். கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஒரு சத்தம், உள்ளே போய்ச் சுற்றிவிட்டு ஒரு சத்தம். இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் இரண்டாகக் கேட்காது, டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி பொந்தாகக் கேட்கும். நிறையப் பேர் அதற்குப் பிக்கப்பைத் திட்டுவார்கள். ஆம்ப் மாதிரி ஒலிக்க வைக்கும் ப்ளகின் மென்பொருளோடு கேட்க வேண்டுமென்றால் டைரக்டை அணையுங்கள். வெறும் சத்தம் போதுமென்றால் டைரக்டை வைத்துக்கொண்டு டிராக் மானிட்டரை அணையுங்கள். அப்போது பஃபர் 1,024 இருந்தாலும் கவலையில்லை. விண்டோஸ் மைக் செட்டிங்கில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் மூன்றாவது ஆவியும் வரும்.

பெரிய திருடன், எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் உட்கார்ந்திருப்பான். பஃபர் 64, டிரைவர் அசல் ஏசியோ, எல்லாம் சரி. ஆனாலும் சத்தம் சாவகாசமாக வருகிறது. திறந்து பார்த்தால், "ப்ரொஃபஷனல் சவுண்ட்" வேண்டுமென்று ஏதோ வீடியோ பார்த்துப் போட்ட லீனியர்-ஃபேஸ் ஈக்யூ, லுக்-அஹெட் லிமிட்டர் என்ற ப்ளகின்கள். இவை பின்னால் வருவதை முன்கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலை செய்யும். அதற்கு சத்தத்தை நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு ப்ளகின் 4,096 சாம்பிள் பிடித்துவைத்தால் 48,000-ல் அது 85 மில்லிசெகண்ட். குடத்தை டம்ளர் ஆக்கினாலும் இது குறையாது. ரீப்பரில் எஃப்எக்ஸ் ஜன்னலின் அடியில் சிபியு அளவுக்குப் பக்கத்திலேயே சாம்பிள் கணக்கு எழுதியிருக்கும், பாருங்கள். சத்தத்தை மட்டும் சும்மா கடந்துபோக விடும் பைபாஸை நம்பாமல், ப்ளகினை முழுதாக ஆஃப்லைன் ஆக்குவது நல்லது. மற்ற பதிவு மென்பொருள்களான லாஜிக்கில் லோ லேட்டன்சி (குறைந்த தாமத) மோட், கியூபேஸில் கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன் இதே வேலையைச் செய்யும். பதிவின்போது 64 அல்லது 128, மிக்ஸிங்கின்போது 1,024 என்று மாற்றி மாற்றி வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சோளப்பொரி நிற்கவில்லையா? லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் வழியை மறிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். பல வீடுகளில் வைஃபைதான் குற்றவாளி. பதிவு முடியும்வரை ஃப்ளைட் மோட். யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேரடித் துளையில் செருகுங்கள். பவர் பிளான் ஹை பெர்ஃபார்மன்ஸ். அதற்குச் சார்ஜர் வேண்டும். சார்ஜரைப் போட்டதும் 'ர்ர்ர்' என்று இரைச்சல் வரும், கம்பியைத் தொட்டால் குறையும். சுவரிலுள்ள மூன்றாவது ஓட்டையில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா, அழகுக்கு வைத்ததா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்க வேண்டிய நேரம் அது.

கடைசியில் அளந்து பாருங்கள். டிரைவர் சொல்லும் எண், மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம் மாதிரி, விசாரிக்க வேண்டும். இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு ஒரு வயர். மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு 'டிக்' சத்தத்தை ஒரு டிராக்கில் ஓடவிட்டு, இன்னொன்றில் பதியுங்கள். ரீப்பரின் ப்ரெஃபரன்ஸஸ், ஆடியோ, ரெக்கார்டிங் பக்கத்தில் டிரைவர் லேட்டன்சி ஈடுகட்டலை முதலில் எடுத்துவிட்டுப் பார்த்தால் முழு இடைவெளி தெரியும். 432 சாம்பிள் வந்தால் 9 மில்லிசெகண்ட். பிறகு அதைத் திரும்பப் போட்டுப் பதிந்து, மிச்சமிருக்கும் வித்தியாசத்தை அதே பக்கத்தில் மேனுவல் ஆஃப்செட்டில் எழுதிவிட்டால், இனிமேல் டிராக்குகள் தாளத்தில் போய் உட்காரும்.

எல்லாம் முடிந்தது. மணி ஒன்றரை. ஏசியோ, 128, மாஸ்டர் காலி, அளந்தது 9 மில்லிசெகண்ட். கம்பியில் ஒரு தட்டு.

அமைதி. 'டங்'.

ஹெட்ஃபோன் வயர் கிடார் வயரோடு சிக்கிக்கொள்கிறது என்று, போன வாரம் இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோன் துளையில் செருகிய ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர், நீல விளக்கை நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோன் 150 மில்லிசெகண்டுக்கு மேல் சாப்பிடும். அடி கணக்கில் நூற்றறுபதுக்கும் மேல். ஆம்ப் தெருமுனை டீக்கடையில் இருக்கிறது.